செம்மண் பூமி என்றாலே நல்ல பூமியா? மண்ணின் நிறம் பார்க்கப் பழகுகிறவர்களுக்கு

நிலம் தேடி அலைகிறவர்களுக்கு விளம்பர வாசகம் மனப்பாடமாகியிருக்கும். 'நல்ல செம்மண் பூமி, நல்ல தண்ணீர், தார் ரோட்டு ஓரம்.' கொஞ்சம் தெற்கே போனால் இதே வாசகத்தில் செம்மண் போய் 'பக்கா கரிசல்' வந்து உட்கார்ந்துகொள்ளும். விற்கிறவர் நிறத்தைச் சொல்லி விற்கிறார், வாங்குகிறவர் நிறத்தைப் பார்த்து மயங்குகிறார். நானும் அப்படி மயங்கியவன்தான். விருதுநகர்ப் பக்கம் ஒரு நிலத்தை முதல் முறை பார்த்தபோது காப்பித்தூள் நிறத்தில் ஜம்மென்று இருந்தது. முந்தின நாள் சாயங்காலம் அங்கே மழை. அதே நிலத்தைச் சித்திரை மாதம் போய்ப் பார்த்தேன். வெளுத்துப்போய், காலால் தட்டினால் டக் டக் என்று சத்தம் வருகிற பொருக்குத் தரை. மண் மாறவில்லை, ஈரம்தான் போயிருந்தது.

அதற்குப் பிறகு நிறத்தை எப்படிப் பார்க்க வேண்டும் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்டேன். புதிதாக நிலம் வாங்கப் போகிறவர்கள், குத்தகைக்கு எடுக்கிறவர்கள், ஊரில் சும்மா கிடக்கும் தாத்தா நிலத்தைத் திரும்பப் பயிர் வைக்க நினைப்பவர்கள் ஆகியோருக்காக எழுதுகிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் தமிழ்நாட்டு மண். மற்ற வெப்ப நாடுகளிலும் முறை இதுதான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த நிலம் சிவப்பு, அந்த நிலம் கருப்பு, ஆகவே அது வளமானது என்று இரண்டு நிலங்களை நிறத்தால் ஒப்பிடுவதில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. ஒரே நிலத்துக்குள் மேட்டுக்கும் பள்ளத்துக்கும், மேல்மண்ணுக்கும் அடிமண்ணுக்கும், பயிர் நன்றாக வரும் இடத்துக்கும் வராத இடத்துக்கும் நிறம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். சேதி அங்கேதான் இருக்கிறது.

நிறம் எதைச் சொல்லும்

மண்ணின் நிறத்தைத் தீர்மானிப்பவை நான்கு: இரும்பு, மக்கு (அதாவது மக்கிப்போன இலைதழை), தண்ணீர் தங்கும் காலம், சுண்ணாம்பும் உப்பும். இதில் இரும்புதான் பெரிய கை. காற்றோட்டமும் வடிகாலும் உள்ள மண்ணில் இரும்பு துருப்பிடித்துச் சிவப்பாகிறது. அந்தத் தாதுவுக்கு ஹேமடைட் என்று பெயர். ஈரம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும் இடத்தில் அதே இரும்பு கோதைட் என்ற வேறு தாதுவாகி மஞ்சள், மஞ்சள் கலந்த பழுப்பு நிறம் காட்டும். தண்ணீர் தேங்கிக் காற்றே புகாத மண்ணில் துரு கரைந்து நிறத்தை இழக்கும், மண் சாம்பல் பூக்கும். ஹேமடைட் கொஞ்சம் இருந்தாலே போதும், மண் முழுவதையும் சிவப்பாக்கிவிடும். அதனால் நிறம் அடர் சிவப்பு என்பதால் பயிருக்கு இரும்புச் சத்து நிறைய கிடைக்கும் என்று பொருள் இல்லை.

தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாஷ்), துத்தநாகம் இவற்றுக்கெல்லாம் மண்ணில் நமக்குத் தெரிகிற மாதிரி நிறம் கிடையாது. அவற்றைப் பரிசோதனைக் கூடத்தில்தான் பார்க்க முடியும். 'கண்ணால் பார்த்தே சொல்லிடுவேன், இதுல தழைச்சத்து கம்மி' என்று யாராவது சொன்னால் அவர் பார்த்தது பயிரின் இலையாக இருக்கும், மண்ணாக இருக்காது.

என்ன எடுத்துப் போவது, எப்போது போவது

மண்வெட்டி, கடப்பாரை, ஒரு பழைய கத்தி, அளவு நாடா, இரண்டு லிட்டர் தண்ணீர், வெள்ளை அட்டை நாலைந்து, பிளாஸ்டிக் பைகள், எழுத ஒரு மார்க்கர். இவற்றோடு வினிகர் ஒரு சின்ன பாட்டில், மருந்துக்கடையில் புண் கழுவ விற்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு பாட்டில், பெட்ரோல் பங்கில் கிடைக்கும் பேட்டரித் தண்ணீர் (காய்ச்சி வடித்த தண்ணீர், பேட்டரி அமிலம் இல்லை) ஒரு பாட்டில். எதற்கு என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

மழை பெய்த மறுநாளும், புதிதாக உழுது போட்டிருக்கும்போதும் போகாதீர்கள். போக நேர்ந்தால் இன்னொரு முறையும் போய்ப் பாருங்கள். வெளிச்சம் முக்கியம். காலை ஒன்பது முதல் பதினொன்று வரை, இல்லாவிட்டால் மூன்று மணி வாக்கில். மாலை வெயிலில் எந்த மண்ணும் பொன்னாகத் தெரியும். கூலிங் கிளாஸைக் கழற்றிவிடுங்கள். சிரிக்காதீர்கள், நான் பாதி வயல் நடந்த பிறகுதான் கழற்றினேன்.

குழி தோண்டிப் பார்க்க வேண்டும் என்று நிலத்துக்காரரிடம் முன்கூட்டியே கேட்டு அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். பார்த்துவிட்டு மூடிவிடுவோம் என்றும் சொல்லுங்கள். விவசாயம் செய்கிறவர்கள் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். இடைத்தரகர்தான் முகம் சுளிப்பார்.

தோண்டும் முன் ஒரு நடை

நிலத்தின் நான்கு மூலையையும் சுற்றுங்கள். எது மேடு, எது பள்ளம், மழைத்தண்ணீர் எங்கே நுழைந்து எங்கே வெளியேறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் தோண்டாமலேயே அடிமண்ணைக் காட்டும் இடங்களைத் தேடுங்கள். பக்கத்தில் கிணறு வெட்டிப் போட்ட மண் மேடு, ஓடைக் கரை, ரோட்டுக்காக வெட்டிய சரிவு எல்லாம் இலவசப் பாடம்.

அந்த விருதுநகர் நிலத்தில் நான் கடப்பாரையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்துக் காட்டுக்காரர் வந்தார். அறுபது வயது இருக்கும்.

"அங்க என்னத்தப் போட்டு இடிக்கிறீங்க தம்பி? அந்தப் புத்தப் பாருங்க. கரையான் உள்ள கெடக்கிறதையெல்லாம் கொண்டாந்து வெளிய வச்சிருக்கு."

"அதுல என்ன அண்ணாச்சி தெரியும்?"

"கலரத் தொட்டுப் பாருங்க. மேல இருக்கிற மண்ணும் அதும் ஒண்ணாவா இருக்கு?"

ஒன்றாக இல்லை. தரை கருமை, புற்று செங்கல் நிறம். நிலம் செவல்தான், அதாவது செம்மண். மேலே ஒரு சாண் கனத்துக்குக் கண்மாய்க் கரம்பை, அதாவது கண்மாயில் படிந்த வண்டல், அடித்திருந்தார்கள். கரம்பை அடிப்பது நல்ல பழக்கம், குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கரிசல் என்று நினைத்துக்கொண்டு பருத்தி போட்டிருந்தால் நான் மாட்டியிருப்பேன். ஒன்று மட்டும் கவனம்: கரையான் களியாகப் பார்த்துச் சேர்த்துக் கட்டும், அதனால் புற்றுமண் உண்மையான அடிமண்ணைவிடப் பிசுபிசுப்பாக இருக்கும். நிறத்துக்கு மட்டும் அதை நம்பலாம்.

செடிகளையும் ஒரு பார்வை பாருங்கள். கோரை மண்டிக் கிடந்தால் தண்ணீர் நிற்கும் இடமாக இருக்கலாம். உமரி தெரிந்தால் உப்பு. பயிர் இல்லாமல் திட்டுத் திட்டாக மொட்டையாகக் கிடக்கும் இடங்களைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள், அங்கேயும் ஒரு குழி வேண்டும்.

குழி

குறைந்தது மூன்று குழி: மேட்டில் ஒன்று, நடுவில் ஒன்று, பள்ளத்தில் ஒன்று. மொட்டைத் திட்டு இருந்தால் அதில் நாலாவது. ஒவ்வொன்றும் இரண்டடி ஆழம். தென்னை, மா மாதிரி மரப்பயிர் யோசனை இருந்தால் மூன்றடிக்குக் குறையக் கூடாது.

தோண்டி முடித்ததும் வெயில் விழும் பக்கத்துச் சுவரைக் கத்தியால் மேலிருந்து கீழாகச் சீவுங்கள். மண்வெட்டி இழுத்த சுவரில் ஒரு மண் இன்னொன்றின் மேல் அப்பியிருக்கும், நிறம் தெரியாது. சீவிய சுவரில் அளவு நாடாவைத் தொங்கவிட்டு, நிறம் எங்கெங்கே மாறுகிறதோ அங்கெல்லாம் கோடு போடுங்கள். பக்கத்தில் வெள்ளை அட்டையை வைத்து ஒரு போட்டோ. வெள்ளை அட்டை இல்லாவிட்டால் செல்போன் தன் இஷ்டத்துக்கு நிறத்தை மாற்றிவிடும். இரண்டு குழிகளின் போட்டோவை ஒப்பிடவே முடியாது.

சுவரில் முதலில் பார்க்க வேண்டியது மேல்மண் எவ்வளவு கனம் என்பதை. அடிமண்ணைவிடக் கருத்திருக்கும் அந்த மேல் அடுக்குதான் மக்கு சேர்ந்த பகுதி. நம் வெயிலில் இலைதழை சீக்கிரம் மக்கி, மக்கும் சீக்கிரம் எரிந்துபோய்விடும். அதனால் குளிர்நாட்டுப் படங்களில் பார்க்கிற மாதிரி ஓரடிக் கருப்பு அடுக்கை எதிர்பார்க்காதீர்கள். செம்மண்ணில் ஆறேழு அங்குலத்துக்கு மேல்மண் பழுப்போடி, அதற்குக் கீழே பளிச்சென்று சிவந்தால் பரவாயில்லாத நிலம். மேலேயே பளிச்சென்று சிவப்பு, தோண்டினாலும் அதே சிவப்பு என்றால் மேல்மண் அரித்துக்கொண்டு போயிருக்கிறது. சரிவான நிலத்தில் மேட்டுக் குழி இப்படியும், பள்ளத்துக் குழி ஓரடிக்கு மேல் கருத்தும் இருந்தால் மேட்டின் வளம் பள்ளத்துக்கு இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். வரப்பு போட்டு முதலில் தடுக்க வேண்டிய இடம் எது என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

கோயம்புத்தூர்ப் பக்கம் இன்னொரு காட்சி உண்டு. மேட்டில் செவல், இறங்க இறங்கச் செங்கரிசல், தாழ்வில் கரிசல், எல்லாம் கூப்பிடு தூரத்துக்குள். அது அரிப்பினால் மட்டும் வந்ததில்லை. மேட்டில் மழைத்தண்ணீர் சுண்ணாம்பையும் மற்ற உப்புச் சத்துகளையும் கழுவி இறக்க, அவை தாழ்வில் சேர்ந்து, காலப்போக்கில் வேறு வகைக் களியே அங்கே உருவாகிவிட்டது. அப்படிப்பட்ட நிலத்தில் ஒரே உரக் கணக்கை முழு நிலத்துக்கும் போட்டால் ஒரு பக்கம் வீண், ஒரு பக்கம் பற்றாது.

நனைத்துப் பார்ப்பது

ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் எலுமிச்சை அளவு கட்டி எடுங்கள். இரண்டாக உடையுங்கள். தேய்க்காமல், உடைந்த முகத்தைப் பாருங்கள். ஒரு பாதியை அப்படியே வெள்ளை அட்டையில் வையுங்கள், மறு பாதியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுங்கள். நிறம் மாறுவது நின்றதும் தண்ணீரையும் நிறுத்துங்கள். மேலே பளபளவென்று ஈரம் மின்னினால் அதிகமாகிவிட்டது. இப்போது இரண்டு நிறத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். நிலத்தை நிலத்தோடு ஒப்பிடும்போதும், குழியைக் குழியோடு ஒப்பிடும்போதும் நனைந்த நிறத்தை நனைந்த நிறத்தோடு மட்டுமே ஒப்பிடுங்கள். என் விருதுநகர்ப் பாடம் இதுதான்.

மண் ஆய்வாளர்கள் இதற்கு மன்செல் நிற அட்டை என்ற ஒன்றை வைத்திருப்பார்கள். ஆல்பர்ட் மன்செல் என்ற அமெரிக்க ஓவிய ஆசிரியர் வகுத்த முறை. '2.5 ஒய்.ஆர். 3/6' என்று அறிக்கையில் பார்த்தால் பயப்பட வேண்டாம். முதல் பகுதி நிறத்தின் சாயல், நடு எண் எவ்வளவு வெளுப்பு, கடைசி எண் எவ்வளவு பளிச்சென்று இருக்கிறது என்பது. இந்த எடுத்துக்காட்டு அடர் சிவப்பு. நடு எண் குறையக் குறையக் கருமை. கடைசி எண் இரண்டும் அதற்குக் கீழும் என்றால் சாம்பல் பக்கம். அட்டை விலை அதிகம், நமக்குத் தேவையும் இல்லை. சொந்த நிலத்துக்கு நாமே ஒரு அட்டை செய்துகொள்ளலாம், கடைசியில் சொல்கிறேன்.

சிவப்பு

தமிழ்நாட்டில் பாதிக்கும் மேற்பட்ட நிலம் செம்மண்தான். அதனால் 'செம்மண் பூமி' என்று சொல்வது ஏறக்குறைய 'தரையில் இருக்கிற பூமி' என்று சொல்வது போல. சிவப்பு நிறம் உறுதியாகச் சொல்வது ஒன்று: தண்ணீர் நன்றாக வடிகிறது, வேருக்குக் காற்று கிடைக்கிறது. நிலக்கடலை, சிறுதானியம், மா எல்லாம் இதை விரும்பும். அதே காரணத்தால் சத்தையும் ஈரத்தையும் அதிக நாள் பிடித்து வைக்காது. தழைச்சத்தும் மக்கும் பொதுவாகக் குறைவு. மழை அடித்து வெயில் காய்ந்தால் மேலே பொருக்குத் தட்டி, முளை வெளியே வரத் திணறும். உரத்தைப் பிரித்துப் பிரித்துக் கொடுக்க வேண்டும், தொழுவுரமும் கரம்பையும் தொடர்ந்து போட வேண்டும்.

சிவப்பு எவ்வளவு ஏமாற்றும் என்று பார்க்க ஆசைப்பட்டால் திருச்செந்தூருக்கும் சாத்தான்குளத்துக்கும் இடையே ஒரு முறை போய்வாருங்கள். தேரி. கண்ணைப் பறிக்கிற சிவப்பு, இதைவிடச் சிவந்த மண்ணை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். கையில் அள்ளினால் மணல். ஒவ்வொரு மணலிலும் துரு மெல்லிய பூச்சாக ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான். தண்ணீரும் நிற்காது, சத்தும் நிற்காது. பனையும் முந்திரியும் அங்கே நிற்கின்றன என்றால் அது அந்த மரங்களின் கெட்டிக்காரத்தனம்.

புதுக்கோட்டை, சிவகங்கை, தஞ்சாவூரின் மேட்டுப் பகுதி ஆகிய இடங்களில் செம்புறை மண் (லேட்டரைட்) கிடைக்கும். சிவப்புக்குள் மஞ்சளும் ஊதாவும் ஓடும், கல் மாதிரி கட்டிகள் இருக்கும். இதில் அமிலத்தன்மை உண்டு. போடுகிற மணிச்சத்தை இரும்பும் அலுமினியமும் பிடித்து வைத்துக்கொண்டு பயிருக்கு விடாது. யாழ்ப்பாணத்துச் செம்மண்ணும் சிவப்புதான், ஆனால் அது சுண்ணாம்புக்கல் மேல் கிடக்கிறது, அமிலம் இல்லை. அங்கே கிணற்று நீரும் எருவும் போட்டுத் தலைமுறை தலைமுறையாக வெங்காயமும் புகையிலையும் எடுக்கிறார்கள். செம்புறைக்கு எழுதிய பரிந்துரையைப் பார்த்து அங்கே சுண்ணாம்பு போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

கருப்பு

கருப்பு என்றால் மக்கு என்று நினைப்பது புதியவர்கள் செய்யும் முதல் தவறு. கோவில்பட்டி, தூத்துக்குடி, விருதுநகர்ப் பக்கத்துக் கரிசலில் மக்கு பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். இருக்கிற கொஞ்சம் மக்கு மிக நுண்ணிய களியோடு இறுகப் பிணைந்து மொத்த மண்ணையும் கருப்பாகக் காட்டுகிறது. கரிசலின் பலம் அந்தக் களிதான். மழையை உள்ளே வாங்கி மாதக்கணக்கில் வைத்திருக்கும், சாம்பல்சத்தும் சுண்ணாம்பும் தாராளம். மானாவாரிப் பருத்தியும் சோளமும் கொண்டைக்கடலையும் அதை நம்பித்தான். தழைச்சத்தும் துத்தநாகமும் பல இடங்களில் பற்றாது. இன்னொன்று, இதில் வேலை செய்யக் கிடைக்கும் நாட்கள் குறைவு. ஈரமாக இருந்தால் காலை விடாது, காய்ந்தால் பாளம் பாளமாக வெடித்து ஏர் இறங்காது.

கரிசலில் நிறத்தைவிட ஆழத்தைப் பாருங்கள். ஓரடிக்குக் கீழே வெள்ளை வெள்ளையாகச் சுக்கான் கற்கள் (சுண்ணாம்புக் கட்டிகள்) தெரிய ஆரம்பித்து, ஒன்றரை அடியில் சுக்காம்பாறையே வந்துவிட்டால், மேலே எவ்வளவு கருப்பாக இருந்தும் பயன் குறைவு. வேர் இறங்க இடமும் இல்லை, தண்ணீர் சேமிக்க இடமும் இல்லை.

நீலகிரியில் தேயிலைத் தோட்டத்து மேல்மண்ணும் கருப்புதான். அது மெய்யாகவே மக்குக் கருப்பு. குளிரில் மக்கு சீக்கிரம் எரியாமல் சேர்ந்துவிட்டது. ஆனால் கரிசல் காரத்தன்மை கொண்டது, இது நல்ல அமிலம். கார அமில நிலை (pH) நாலரை, ஐந்து என்று இருக்கும். தேயிலைக்கு அது பிடிக்கும், பல காய்கறிகளுக்குச் சுண்ணாம்போ டோலமைட்டோ போட்டாக வேண்டும். கேரளத்துக் குட்டநாட்டில் 'கரி' நிலம் என்று ஒன்று உண்டு. கரி மாதிரியே கருப்பு, மக்கிப்போன மரத்துண்டுகள்கூட உள்ளே கிடக்கும். அதன் அமிலம் இன்னும் கடுமை, நெல்லையே திணற வைக்கும். மூன்று கருப்பு, மூன்று வைத்தியம்.

நாலாவது ஒரு கருப்பு இருக்கிறது. அதைத்தான் நன்றாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். நிலத்தில் தாழ்வான மொட்டைத் திட்டில், மேலே எண்ணெய் படிந்த மாதிரி கருஞ்சாம்பல் படலம் காய்ந்து கிடக்கும். புதியவர்கள் பார்த்து 'ஆஹா, மக்கு' என்பார்கள். அது களர். சோடியம் கூடிய மண்ணில் காரம் ஏறி, இருக்கிற மக்கையும் கரைத்து மேலே கொண்டுவந்து விட்டிருக்கிறது. வளம் போகிற வழியில் தெரிகிற நிறம் அது.

சாம்பல், மஞ்சள், வெள்ளை

காவிரிப் படுகையில் நெல் வயலைத் தோண்டினால் சாம்பல் நிறக் களி வரும், சில இடங்களில் லேசாக நீலம்கூட ஓடும். நெல்லுக்கு இது பயப்பட வேண்டிய நிறம் இல்லை. நெல்வேர் தன்னைச் சுற்றிக் காற்றைக் கசியவிடும், அதனால் வேர் ஓடிய தடத்தில் மட்டும் செம்பழுப்புக் கோடுகள் தெரியும். அதைப் பார்த்தால் வேர் நன்றாக இருக்கிறது என்று சந்தோஷப்படலாம். வேரே கருத்து, அழுகிய முட்டை வாடை அடித்தால் தண்ணீரை வடித்து வயலைக் கொஞ்சம் காயப்போட வேண்டும்.

மரம் வைக்கப் போகிறவர்களுக்கு இதே சாம்பல் எச்சரிக்கை. குழிச் சுவரில் சிவப்பு, மஞ்சள், சாம்பல் என்று புள்ளி புள்ளியாகக் கலந்து தெரியும் இடம் வரைக்கும் மழைக்காலத்தில் தண்ணீர் ஏறி நிற்கிறது. நீங்கள் பங்குனியில் போய்ப் பார்த்தால் குழி காய்ந்துதான் இருக்கும், புள்ளிகள் மட்டும் ஐப்பசி, கார்த்திகையில் நடந்ததைக் காட்டிக்கொண்டிருக்கும். இரண்டடிக்குள் அப்படித் தெரிந்தால் மா வைப்பதை மறந்துவிடுங்கள், இல்லையென்றால் மேட்டுப்பாத்தியும் வடிகாலும் முதலில்.

வெள்ளைப் பூச்சு மூன்று விதம். காய்ந்த நாளில் மட்டும் பொடிப் பொடியாகப் பூத்து, மழை பெய்தால் மறைவது உவர். சுக்கான் பொடி மறையாது, வினிகர் பட்டால் நுரைக்கும். இரண்டும் இல்லாமல் சொட்டுநீர்க் குழாயை ஒட்டியே வளையமாக வெள்ளை படிந்தால் மண்ணைவிடக் கிணற்று நீரைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். பேச்சில் உவரையும் களரையும் மாற்றி மாற்றிச் சொல்வார்கள், வைத்தியம் வேறு என்பதை மறக்காதீர்கள். உவருக்கு நல்ல தண்ணீர் கட்டிக் கழுவி வடிக்க வேண்டும், அங்கே ஜிப்சம் போட்டுப் பிரயோசனம் இல்லை. களருக்கு ஜிப்சம் வேண்டும், தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவதும் உதவும்.

சந்தேகம் வந்தால் மூன்று சோதனை

வினிகர்: நசுக்கிய மண்ணில் சில சொட்டு விட்டுக் காதருகே வையுங்கள். சுண்ணாம்பு இருந்தால் நுரை கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் சுர்ரென்ற சத்தம் கேட்கும்.

பெராக்சைடு: மேல்மண்ணில் ஒரு ஸ்பூன், அடிமண்ணில் ஒரு ஸ்பூன், இரண்டிலும் சம அளவு ஊற்றுங்கள். மக்கு இருக்கும் மண் பொங்கும். எது எவ்வளவு கூடப் பொங்குகிறது என்பதுதான் முக்கியம். மண்ணில் மாங்கனீசுக் கரும்புள்ளிகள் இருந்தாலும் கண்டபடி பொங்கும் என்பதால் புள்ளியில்லாத மண்ணாக எடுங்கள். கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேட்டரித் தண்ணீர்: ஒரு கண்ணாடி டம்ளரில் அந்தத் தண்ணீரை ஊற்றி, பட்டாணி அளவு காய்ந்த கட்டியை மெதுவாக உள்ளே விட்டு, கலக்காமல் வைத்துவிடுங்கள். கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், அதில் உள்ள உப்பு விடையை மாற்றிவிடும். கட்டி சரிந்து உதிர்ந்து, மேலே தண்ணீர் தெளிவாக இருந்தால் கவலை இல்லை. இரண்டு மணி நேரம் ஆகியும் கட்டியைச் சுற்றிப் பால் கரைத்த மாதிரி கலங்கல் படர்ந்து நின்றால் களர்த்தன்மை இருக்க வாய்ப்பு அதிகம். கருஞ்சாம்பல் படலம் மக்கா களரா என்ற கேள்விக்கு இதைவிட மலிவான பதில் கிடையாது. ஆனால் ஜிப்சம் எவ்வளவு என்பதற்குப் பரிசோதனைக் கூடத்துக்குத்தான் போக வேண்டும், உரக்கடையில் கேட்டு மூட்டை இறக்காதீர்கள்.

கடைசியில் பரிசோதனைக் கூடம்

இவ்வளவு நேரம் பார்த்த நிறத்தின் உண்மையான பயன் இங்கேதான். மாதிரி எடுக்கும்போது பலரும் முழு நிலத்துக்கும் சேர்த்து ஒரே பையில் மண்ணைக் கொண்டுபோவார்கள். செவலும் கரிசலும் கலந்த அந்தப் பைக்கு வரும் முடிவு இரண்டு மண்ணுக்கும் பொருந்தாது. நிறம் மாறும் இடத்தில் நிலத்தைப் பிரியுங்கள், ஒவ்வொரு பிரிவுக்கும் தனி மாதிரி. மொட்டைத் திட்டுக்கும் தனி.

ஒவ்வொரு பிரிவிலும் குறுக்கும் நெடுக்குமாக நடந்து பத்துப் பதினைந்து இடத்தில், மேலே உள்ள சருகைத் தள்ளிவிட்டு, அரையடி ஆழத்துக்கு ஆங்கில 'வி' வடிவத்தில் வெட்டி, அதன் ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் சீவி எடுங்கள். வரப்பு ஓரம், மர நிழல், எருக்குழி இருந்த இடம், சமீபத்தில் உரம் போட்ட இடம் வேண்டாம். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து வட்டமாகப் பரப்பி, நாலாகப் பிரித்து எதிர் எதிர் இரண்டு பங்கைத் தள்ளுங்கள். அரைக்கிலோ மிஞ்சும் வரை இதையே செய்து, நிழலில் உலர்த்துங்கள். பழைய உரச்சாக்கில் மட்டும் போடவே கூடாது, சாக்கில் ஒட்டியிருக்கும் யூரியா உங்கள் மண்ணை வளமாக்கிக் காட்டிவிடும்.

மத்திய அரசின் மண்வள அட்டைத் திட்டம் 2015-இல் தொடங்கியது. அந்த அட்டையில் பன்னிரண்டு விவரம் இருக்கும்: கார அமில நிலை, உப்பின் நிலை, கரிமக் கார்பன், தழை, மணி, சாம்பல், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான். முதலில் முதல் மூன்றைப் பாருங்கள், நிறத்தோடு நேரடியாக ஒட்டுறவு உள்ளவை அவை. கரிமக் கார்பன் 0.5 விழுக்காட்டுக்குக் கீழே என்றால் குறைவு, 0.75-ஐத் தாண்டினால் அதிகம். கார அமில நிலை 8.5-ஐத் தாண்டினால் களர் பக்கம். கருப்பாக இருக்கிறதே என்று பெருமைப்பட்ட அடுக்கில் கார்பன் 0.4 என்று வந்தால் அதிர்ச்சி அடைய வேண்டாம், கரிசலில் அது சகஜம். மாவட்ட மண் பரிசோதனை நிலையம், வேளாண் அறிவியல் நிலையம் இரண்டிலும் மாதிரி கொடுக்கலாம், கட்டணம் பெரிதாக இருக்காது.

செவலுக்குக் கரம்பை அடிக்க முடிவு செய்தால் கண்மாயில் மண் எடுக்க வட்டாட்சியர் அலுவலகத்தில் அனுமதி கேளுங்கள். எடுக்கும் முன் அந்தக் கரம்பையையும் பேட்டரித் தண்ணீர் டம்ளரில் ஒரு முறை போட்டுப் பாருங்கள்.

இனி அந்தச் சொந்த அட்டை. ஒவ்வொரு ஆண்டும் சித்திரையில், அதே இடத்தில், மேல்மண்ணிலும் அடிமண்ணிலும் ஒரு கட்டி எடுத்து உலர்த்திப் பொடித்து, வெள்ளை அட்டையில் பசை தடவி ஒட்டி, தேதி எழுதி வையுங்கள். அட்டை ஈரம் படாமல் அலமாரியில் இருக்கட்டும். என்னிடம் மூன்று ஆண்டு அட்டை இருக்கிறது. தொழுவுரமும் கரம்பையும் போட்ட பாத்தியில் மேல்மண் கொஞ்சம் கருத்த மாதிரி எனக்குத் தோன்றுகிறது. வீட்டில் காட்டினால் மூன்றும் ஒன்றுதான் என்கிறார்கள். நாலாவது கட்டி இப்போது திண்ணையில் காய்ந்துகொண்டிருக்கிறது.